ஸ்காலா என்னும் கணிப்பொறி மொழியும் எங்கள் பரிசுப் பட்டியலும்

(பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி மாணவியர் எழுவர் சேர்ந்து எழுதியது)



கணிப்பொறிக்கும் மொழிகள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என இரண்டை நாங்கள் பாடமாகப் படித்தோம். மூன்றாவதாக ஒரு மொழியை இந்த ஆண்டு பாடத்திட்டத்துக்கு வெளியே, சனிக்கிழமைகளில் கற்றோம். அதன் பெயர் ஸ்காலா. மதிப்பெண்ணுக்காக அதைக் கற்கவில்லை. நாங்கள் செய்த தவறு ஒன்றினால் கற்க நேர்ந்தது. ஆகவே அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

சென்ற கல்வியாண்டுக்கான பரிசுகளை ஆகஸ்டு மாதத்தில் வழங்குவது நம் பள்ளியின் வழக்கம். தேர்வில் முன்னணியில் வந்தோர்க்கு ஒரு பரிசு. ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் பள்ளிக்கு வந்தோர்க்கு இன்னொரு பரிசு. ஆண்டுதோறும் அலுவலகத்துச் சிஸ்டர் பதிவேடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இந்தப் பட்டியல்களைக் கையாலேயே எழுதுவார்கள். "இந்த வருஷம் கணிப்பொறி படிக்கிற பிள்ளைகள் செய்து பாருங்களேன்" என்று வேலையை எங்களிடம் விட்டார்கள். பைத்தான் பாடம் தொடங்கியிருந்த நேரம். சூட்டோடு சூடாக ஏற்றுக்கொண்டோம். மதிப்பெண் பகுதியை ஒருத்தி எழுதினாள், வருகைப் பகுதியை இன்னொருத்தி எழுதினாள், பெயர்களைத் தட்டச்சு செய்ய இருவர், மற்றவர் சரிபார்க்க. இரண்டே நாளில் முடித்துவிட்டோம். அச்சிட்ட தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் அலுவலகத்துக்கு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. "எம் பிள்ளை போன வருஷம் எந்தத் தேதியில வரலைன்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். காய்ச்சல்லகூட அனுப்பி வச்சிருக்கேன்" என்றார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஆனால் அவள் பெயர் எங்கள் தாளில் இல்லை. முந்தைய நாள் மாலையே அந்தத் தோழி பலகையின் முன் நின்று பார்த்திருக்கிறாள்; யாரிடமும் எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தானே ஏதோ ஒரு நாளை மறந்துவிட்டோம் என்று அவள் நினைத்ததாகப் பின்னர் சொன்னாள். இதுதான் எங்களை மிகவும் வருத்தியது. விடுபட்டது அவள் ஒருத்தி மட்டுமல்ல, நால்வர். எங்கள் தாளை எடுத்துவிட்டுச் சிஸ்டர் தம் கையால் எழுதிய தாளை ஒட்டினார்கள். நாங்கள் நால்வர் வகுப்புக்கும் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

பிழை எங்கே என்று தேடினோம். விந்தை என்னவென்றால், ஒவ்வொருத்தி எழுதிய பகுதியும் தனியே பார்த்தால் சரியாக இருந்தது. மதிப்பெண் பகுதியை எழுதியவள் அறுபதுக்குக் குறைந்தோரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியோரை வரிசைப்படுத்தியிருந்தாள். அவள் வேலைக்கு அது போதும். ஆனால் அவள் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொண்டதாக எண்ணிய பட்டியல் நகலே அன்று. பைத்தானில் ஒரு பட்டியலுக்கு இரண்டாவது பெயர் வைத்தால் இரண்டாவது பட்டியல் பிறப்பதில்லை. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் ஆகிறது, அவ்வளவுதான். ஒரு பெயரால் நீக்கினால் மற்றப் பெயரிலும் அது நீங்கிவிடும். அதற்குப்பின் ஓடிய வருகைப் பகுதிக்குக் கிடைத்தது, குறைந்த மதிப்பெண் பெற்றோர் நீங்கிய பட்டியல். ஒரு நாள் தவறாமல் வந்தும் அறுபது வாங்காத நால்வர் அங்கே இல்லாமற் போனார்கள். பைத்தானைக் குறை சொல்வதற்கில்லை. முறையாக நகல் எடுக்க அதில் வழி உண்டு. நாங்கள்தான் எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். சில மாதங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. சிஸ்டர் அவரிடம் எங்கள் நிரலைக் காட்டினார்கள். அக்கா அதை முழுதும் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "இந்தப் பட்டியலை எந்தெந்த வரி மாத்துதுன்னு எல்லாத்தையும் படிக்காம உங்களால சொல்ல முடியுமா?" முடியாது என்றோம். "மாத்தவே முடியாத பட்டியலா இருந்தா அந்தக் கேள்வியே வராது இல்லையா?" என்றார். மாற்ற முடியாத பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புத் தொடங்கிற்று.

மொழியைப் பற்றிச் சொல்லுமுன் அதன் குலத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நிரல் எழுதுவதில் பெரிய குடும்பங்கள் இரண்டு உண்டு. ஒன்று பொருள்நோக்கு முறை. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் தால், கிறிஸ்தன் நீகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியே இக்குடும்பத்தின் மூத்தவள். தரவையும் அத்தரவின்மேல் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டி 'பொருள்' என்று வைப்பது இம்முறை. நம் பாடநூலில் இனக்குழு என்று படிக்கிறோமே, அது இங்கிருந்து வந்தது. மற்றொன்று செயற்கூறு முறை. இதன் வேர் கணிதத்தில் இருக்கிறது. 1930களில் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் லாம்டா கணிதத்தை வகுத்தார். 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழி அதன் கருத்துகளைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. கணிதத்தில் ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து என்று கண்டபின் ஐந்து ஐந்தாகவே இருக்கிறது. கணக்குப் போட்டதனால் அது தேய்ந்துபோவதில்லை. செயற்கூறு முறையும் அப்படித்தான். கொடுத்ததைக் கெடுக்காமல் புதியதொன்றை விடையாகத் தரும்.

இடையில் ஒன்று. லிஸ்ப் பிறந்து சில ஆண்டுகளே ஆன 1965இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். அந்நாட்டில் இத்துறையில் அப்பட்டத்தை முதன்முதல் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அயோவா மாநிலத்தில் உள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். எங்கள் ஆய்வகத்துச் சிஸ்டர் இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நாங்கள் மறக்கவில்லை.

நிற்க. இவ்விரு குடும்பங்களுக்கும் சம்பந்தம் செய்து வைத்தவர்களுள் ஒருவர் மார்ட்டின் ஓடர்ஸ்கி. ஜெர்மானியர், பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் என்பவரிடம் சூரிச்சில் ஆய்வு செய்து 1989இல் முனைவரானவர். ஜாவா மொழியில் செயற்கூறு முறையின் கருத்துகளைச் சேர்த்துப் பிட்சா என்ற மொழியை 1990களில் பிலிப் வாட்லருடன் சேர்ந்து உருவாக்கினார். அவ்வழியில் விளைந்த ஒரு பகுதியை 2004இல் ஜாவாவே தனக்குள் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய வீட்டுக்கு அறை கட்டிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டல்லவா? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பேராசிரியராக இருந்த அவர், 2001இல் புதிய மொழியொன்றை வகுக்கத் தொடங்கினார். 2004இல் அது ஜாவா இயங்கும் தளத்திலேயே இயங்கும் வண்ணம் வெளிவந்தது. தேவைக்கேற்ப வளரும் மொழி என்ற பொருள்பட ஸ்காலா என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிய மொழியில் ஸ்காலா என்றால் படிக்கட்டு. ஏரிக்கரையின் சரிவில் அமைந்த லோசான் நகரில் படிக்கட்டுகளுக்குக் குறைவில்லை.

முதல் சனிக்கிழமை இரண்டே சொற்களைக் கற்றோம். ஸ்காலாவில் ஒரு மதிப்புக்குப் பெயர் சூட்டும்போது அது மாறாததா, மாறக்கூடியதா என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். மாறாததற்கு 'வேல்', மாறக்கூடியதற்கு 'வார்'. எங்களுள் ஒருத்தி முதற்சொல்லை 'வால்' என்று வாசிக்க, ஆய்வகமே சிரித்தது. பின்பு நாங்களே நினைவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம்: வேல் நட்டால் நட்ட இடத்தில் நிற்கும், வார்த்தால் ஓடும். வேல் என்று குறித்த பெயருக்கு வேறு மதிப்பைத் தர முயன்றால் மொழிபெயர்ப்பி நிரலை ஓடவே விடாது, சிவப்பில் பிழை காட்டி நிறுத்திவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நாங்கள் மூவர் விழுந்தோம். வேல் என்று பெயர் சூட்டிவிட்டால் எல்லாம் பத்திரம் என்று எண்ணி, மாறக்கூடிய வகைப் பட்டியல் ஒன்றை அதில் வைத்தோம். பழைய பிழை அப்படியே வந்து நின்றது. பெயரும் பட்டியலும் வேறு வேறு. முளையில் ஆட்டைக் கட்டியதுபோல என்று அக்கா விளக்கினார். முளை அசையாது, ஆடு அசையும், பக்கத்துத் தோட்டத்தையும் மேயும். பெயர் மாறாமலிருப்பதோடு உள்ளே இருக்கும் பொருளும் மாறாத வகையாக இருக்க வேண்டும். ஸ்காலாவில் 'லிஸ்ட்' என்று சும்மா எழுதினால் கிடைப்பது மாறாத பட்டியல்தான். மாறுவது வேண்டுமென்றால் அதற்குரிய தொகுப்பிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். இந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்திருந்தது. அபாயமானதை அலமாரியின் மேல்தட்டில் வைப்பது வீட்டிலும் வழக்கம்தானே.

மாறாத பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் மூன்று செயற்கூறுகள் வருகின்றன. ஐந்து மாணவியரின் மதிப்பெண்கள் 82, 47, 91, 38, 65 என்று கொள்வோம். 'ஃபில்டர்' என்பது சல்லடை. அறுபதும் அதற்கு மேலும் என்ற நிபந்தனையை அதற்குக் கொடுத்தால் 82, 91, 65 என்ற புதிய பட்டியலைத் தரும். பழைய ஐந்தும் பழைய இடத்திலேயே இருக்கும். எங்கள் நால்வர் காணாமற்போனதற்கு மருந்து இந்த ஒரு வாக்கியம்தான். 'மேப்' என்பது ஒவ்வொன்றையும் ஒரே விதமாக மாற்றி அதே எண்ணிக்கையில் புதிய பட்டியல் தருவது. எல்லார்க்கும் இரண்டு மதிப்பெண் கூட்டினால் 84, 49, 93, 40, 67. 'ஃபோல்ட்' சற்றுக் கடினம். எங்களுக்கு அது விளங்கியது பூத் தொடுப்பதை நினைத்தபோதுதான். கையில் வெறும் நார் இருக்கிறது. ஒரு பூவை வைத்து முடிச்சிடுகிறோம். இப்போது கையில் இருப்பது ஒரு பூச் சரம். அதனோடு அடுத்த பூ. பூக்கள் தீரும்போது கையில் இருப்பது முழுச் சரம். நாருக்குப் பதில் பூச்சியம், முடிச்சுக்குப் பதில் கூட்டல் என்று வையுங்கள். 82, 129, 220, 258, 323 என்று வளர்ந்து, மொத்தம் 323 கையில் நிற்கும்.

ஒவ்வொரு முறையும் புதிய பட்டியல் என்றால் கணிப்பொறியின் நினைவகம் நிரம்பிவிடாதா என்று கேட்டோம். நல்ல கேள்வி என்று அக்கா எங்களை வெளியே அழைத்துச் சென்று வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்தார். ஒவ்வொருத்தியும் முன்னால் நிற்பவளின் தோளில் கைவைத்து நின்றோம். ஸ்காலாவின் லிஸ்ட் இப்படித்தான்: ஒவ்வொரு மதிப்பும் அடுத்த மதிப்பை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. கைவைக்கத் தொடங்குபவளே பட்டியலின் தலை. புதிதாக ஒருத்தி வந்து அவள் தோளில் கைவைத்தால் புதிய பட்டியல் ஆயிற்று. பழைய வரிசையில் ஒருத்திகூட நகரவில்லை. இன்னொருத்தியும் வந்து அதே தோளில் மறு பக்கம் கைவைத்தாள். இப்போது மூன்று பட்டியல்கள். ஆனால் நிற்பவர் தொகை இரண்டுதான் கூடியிருக்கிறது. கடைக்கோடியில் சேர்ப்பது மட்டும் அப்படி எளிதன்று. அங்கே நிற்பவளின் கையைப் புதியவளின் தோளுக்கு மாற்றினால் பழைய பட்டியல் கெட்டுவிடும். ஆகவே முழு வரிசையையும் நகலெடுக்க வேண்டும். தலைப்பக்கம் சேர்ப்பது மலிவு, வால்பக்கம் சேர்ப்பது செலவு. (வராந்தாவில் நின்ற எங்களைப் பார்த்து, என்ன குற்றத்துக்குத் தண்டனை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுச் சென்றார்கள்.)

இதுவரை சொன்னது செயற்கூறு பக்கம். பொருள் பக்கம் எங்கே என்று கேட்பீர்கள். ஸ்காலாவில் எல்லாமே பொருள். 1 என்ற எண்ணும் பொருள். ஒன்றோடு இரண்டைக் கூட்டு என்று எழுதினால், ஒன்று என்ற பொருளிடம் அதன் கூட்டல் வேலையைச் செய்யும்படி கேட்கிறோம் என்பதே அதன் உட்பொருள். அதைவிட வியப்பு, செயற்கூறும் ஒரு பொருள் என்பது. சல்லடைக்கு நாம் கொடுத்த நிபந்தனை இருக்கிறதல்லவா, அதைப் பெயரிட்டு வைக்கலாம்; இன்னொரு செயற்கூற்றுக்குக் கொடுக்கலாம்; பட்டியலுக்குள்கூடப் போட்டு வைக்கலாம். இரு குடும்பமும் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்திருக்கவில்லை, அடுப்பும் ஒன்றுதான்.

எங்களுக்கு மிகவும் பயன்பட்டது 'கேஸ் கிளாஸ்' என்ற வகை இனக்குழு. பெயர், வகுப்பு, வந்த நாள்கள், மதிப்பெண் ஆகிய நான்கையும் சேர்த்து 'மாணவி' என்று ஒரு வரியில் வகுத்தோம். மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுமானால் வெள்ளை மை பூசித் திருத்துவதில்லை. 'காப்பி' என்று சொல்லி மாறவேண்டிய ஒன்றை மட்டும் குறித்தால், மற்றவை அப்படியே அமைந்த புதிய தாள் கிடைக்கும். பழைய தாளும் இருக்கும். எது எப்போது மாறியது என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க இது எவ்வளவு உதவி என்பதை அந்தத் தாயாரின் கேள்வியைக் கேட்டவர்கள் உணர்வார்கள்.

தேர்வுக்கு வராதவர் பிரச்சினை ஒன்று இருந்தது. எங்கள் பழைய நிரலில் வராதவர்க்கு -1 என்று பதிந்திருந்தோம். 82, 91, 65 பெற்ற மூவரோடு வராத ஒருத்தியும் இருந்தால், கணிப்பொறி -1ஐயும் கூட்டி நான்கால் வகுத்துச் சராசரி 59.25 என்றது. உண்மையில் எழுதிய மூவரின் சராசரி 79.33. ஸ்காலாவில் இதற்கு 'ஆப்ஷன்' என்ற வகை உண்டு. மதிப்பெண் இருந்தால் 'சம்' என்ற உறைக்குள் இருக்கும், இல்லையென்றால் 'நன்'. உறையைப் பிரித்துப் பார்க்காமல் கூட்ட மொழிபெயர்ப்பி விடுவதில்லை. 'நன்' என்ற சொல்லை அக்கா உச்சரித்ததும் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிஸ்டரைப் பார்த்தோம். முதலில் சிரித்தவர்களே சிஸ்டர்தாம்: "என்னை இல்லைன்னே சொல்லிடுச்சா உங்க மொழி?" இல்லாததைக் குறிக்க 'நல்' என்ற ஒன்றை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகப் புகுத்திய டோனி ஹோர், பின்னாளில், 2009இல், அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் பிழை என்று தாமே சொன்னார். அம்மொழியை அவரோடு சேர்ந்து வகுத்தவர் நிக்லாஸ் விர்த், ஓடர்ஸ்கியின் ஆசிரியர்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். ஒரே வேலையைப் பல விதமாக எழுத ஸ்காலா இடம் தருகிறது. ஒரே கணக்கை நாங்கள் எழுவரும் ஏழு விதமாக எழுதி வந்தோம். ஒருத்தி எழுதியதை மற்றவள் படிக்க அரை மணி ஆயிற்று. எல்லாவற்றையும் இனக்குழுவாக்கும் கட்சி ஒன்றும், எங்கும் 'ஃபோல்ட்' போடும் கட்சி ஒன்றும் எங்களுக்குள் உண்டாகி, ஒரு வாரம் பேச்சுவார்த்தைகூட நின்றது. மொழிபெயர்ப்பி மெதுவாக வேலை செய்வது வேறு. எங்கள் ஆய்வகத்துப் பழைய இயந்திரங்களில் பொறுமை மிகவும் வேண்டும். மேலும் 2021இல் வெளிவந்த ஸ்காலா 3, எழுதும் முறையில் பலவற்றை மாற்றிவிட்டதால், பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியவளும் புதியதைப் பார்த்து எழுதியவளும் வேறு வேறு மொழி படித்தவர்கள்போல் இருந்தார்கள். முதன்முதல் நிரல் கற்பவர்க்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு மொழியில் எழுதிப் பார்த்து, ஒரு முறையாவது அடிபட்டவர்க்கு இது நன்றாகப் பிடிபடும். இதன் கருத்துகள் இம்மொழியோடு நின்றுவிடவும் இல்லை. ஜாவாவே 2014இல் செயற்கூறுகளை மதிப்பாகக் கொடுத்து வாங்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. பைத்தானிலும் மேப், ஃபில்டர் உண்டு. பாடநூலில் அவற்றைக் கடந்து போயிருந்தோம்; ஏன் என்று தெரியாததனால் கண்ணில் படவில்லை.

டிசம்பரில் பரிசுப் பட்டியல் நிரலை ஸ்காலாவில் முழுதும் திருப்பி எழுதினோம். சென்ற ஆண்டின் அதே பதிவேட்டைக் கொடுத்து ஓட்டி, சிஸ்டர் கையால் எழுதிய தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டோம். நால்வர் பெயரும் இருந்தன. இரண்டு பட்டியலும் ஒரே மூலத்திலிருந்து தனித்தனியே பிறப்பதால், எதை முதலில் ஓட்டினாலும் விடை ஒன்றே. அதையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக்கொண்டோம்.

அந்த ஒன்பதாம் வகுப்புத் தோழி இப்போது சனிக்கிழமைகளில் எங்களோடு உட்காருகிறாள், எட்டாவது ஆள். தன் வகுப்பில் நாள்தோறும் வந்தோர் தொகையைக் கணக்கிட அவள் எழுதிய முதல் நிரலில் ஒரு 'வார்' இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'ஃபோல்ட்' போடு என்றோம். "அக்கா, இது இந்தச் செயற்கூற்றுக்குள்ளேயே பிறந்து இதுக்குள்ளேயே முடியுது. வெளியில யாரும் இதைத் தொட முடியாது. அப்புறம் என்ன?" என்கிறாள். இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை நாங்கள் அவளுக்கு மறுமொழி சொல்லவில்லை.